இடது பக்கத்துப் பிரேக்

ஜூன் 3, திங்கள்

உரக்கடைக்காரர் தை மாதம் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் பருப்பு டப்பாவுக்கு அடியில் கிடந்தது. பாதி வருஷம் போன பிறகு எடுத்து எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். வீட்டுக்காரரிடம் சொன்னால் நாளையிலிருந்து வேலைக்குப் போகாதே என்பார். டிரைவிங் ஸ்கூலில் சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

காலை வகுப்பில் பேங்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மா ஓட்டினார். சத்தி ரோடு காலியாகக் கிடந்தது. மூன்றாவது கியரில் வண்டி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று என் நெஞ்சு திடுதிடுவென்று அடிக்க ஆரம்பித்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு சூடு கிளம்பி மார்பு, கழுத்து, கன்னம், காது என்று ஏறியது. ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கு ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது. செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. இந்த ரோட்டிலேயே, பக்கத்தில் ஒரு கற்றுக்குட்டி ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போதே சாகப்போகிறேன் என்று நிச்சயமாக நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. பேங்க் அம்மா எதையும் கவனிக்கவில்லை. அவருக்கு ரோட்டைப் பார்ப்பதற்கே இரண்டு கண் போதவில்லை.

சாந்தாமணிக்குப் பயமா என்று கேட்டால் கோபியில் பாதிப் பேர் சிரிப்பார்கள். பத்து வருஷமாக இந்த ஊர்ப் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறேன். கியரைத் தொடவே நடுங்கியவர்களையெல்லாம் பழனி வரைக்கும் ஓட்டிப் போக வைத்திருக்கிறேன். ஆனால் என் அப்பாவும் டிரைவர்தான். திம்பம் மலையில் லோடு லாரியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங் மேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயசு. எனக்கு இப்போது நாற்பத்தாறு.

ஜூன் 5, புதன்

புது ஆள் சேர்ந்திருக்கிறாள். பெயர் திலகமணி, வாய்க்கால் ரோட்டில் தோட்டத்து வீடு. கல்யாணத்துக்கு முன்பு அக்காவோடு சேர்ந்து லைசென்ஸ் வாங்கி பீரோவில் வைத்தவள், அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இந்த மாதிரி பீரோ லைசென்ஸ் ஊருக்குள் நூறு இருக்கும்.

இவள் இப்போது வந்ததற்குக் காரணம் உண்டு. வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்திக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை ஈரோட்டுக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். இதுவரைக்கும் மச்சினன் வண்டி ஓட்டினான். அவன் போர் போடுகிற ரிக் வண்டியோடு மாதக் கடைசியில் வடக்கே போகிறான். அவன் போவதற்குள் நான் கற்றுக்கொண்டாக வேண்டும் என்றாள். பேசும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஆனால் வாத்தியார் வேலையில் அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது.

இடது பக்கம் என் காலடியில் இருக்கும் கிளட்சையும் பிரேக்கையும் அவளுக்குக் காட்டினேன். நீ எங்கே கோட்டை விட்டாலும் நான் இங்கிருந்து பிடித்துக்கொள்வேன், தைரியமாக ஓட்டு என்றேன். இதைச் சொன்னவுடன் எல்லோருக்கும் ஒரு பெருமூச்சு வரும். அவளுக்கும் வந்தது.

ஜூன் 8, சனி

மறுபடியும் தூரம். போன மாதவிலக்கு முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வண்டி சீட்டுக்குக் கறுப்பு உறை வாங்கிப் போட்டேன். அழுக்குத் தெரியாது என்று முதலாளியிடம் சொன்னேன்.

ஜூன் 11, செவ்வாய்

திலகா தேறிவிடுவாள். கை நிதானமாக இருக்கிறது. கியர் மாற்றும்போது மட்டும் பாவம், குனிந்து பார்க்கிறாள்.

பஸ் ஸ்டாண்ட் முக்கில் வண்டி இரண்டு தடவை சடாரென்று நின்றது. ஒரு பையன் ரோட்டைத் தாண்ட வருவதாக எனக்குப் பட்டது. அவன் கடை வாசலில் நின்று வடை தின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான். பின்னால் வந்த ஆட்டோக்காரன் எங்கள் இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் போனான். திலகாவின் கால் தவறியிருக்கும். புதிதில் அப்படித்தான்.

வீட்டில் பாலை அடுப்பில் வைத்ததையே மறந்து பாத்திரம் கரிந்துவிட்டது. போன வாரம் பேங்க் அம்மாவின் பெயர் மறந்துபோய், மேடம் மேடம் என்று ஒப்பேற்றினேன். பத்து வருஷத்தில் ஒருத்தி பெயரையும் நான் மறந்ததில்லை.

ஜூன் 14, வெள்ளி

யாருக்கும் தெரியாமல் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்தேன். வீட்டுக்காரரிடம் டயர் மாற்றப் போகிறேன் என்று பொய் சொன்னேன். அவர் மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவர், கேட்டதை அப்படியே நம்புகிற மனுஷன்.

இதயத்தில் ஒரு குறையும் இல்லையாம். சின்ன வயசு டாக்டர் காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, டென்ஷனைக் குறைச்சுக்கங்கம்மா என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் வண்டியில் உட்கார்ந்தேன். இதயம் நன்றாக இருக்கிறது என்றால் கெட்டுப்போயிருப்பது எது? படபடப்பு பொய், சாகப்போகிறோம் என்ற நினைப்பு பொய் என்றால் மூளைதான் பிசகுகிறதா? அப்பா வழியைப் பார்த்துப் பயந்ததே மேல் என்று தோன்றியது. மாரடைப்பு என்றால் பெயராவது இருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

சத்தியிலிருந்து கமலாக்கா போன் செய்தாள். என் கூடப் பிறந்தவள், என்னைவிட ஆறு வயசு பெரியவள். தூரம் அடிக்கடி வருகிறது என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் ஒரே போடாகக் கர்ப்பப்பையை எடுத்துவிடு என்றாள். அவளுக்கு எடுத்தாகிவிட்டது, அவள் நாத்தனாருக்கு எடுத்தாகிவிட்டது, அவர்கள் வீதியில் பாதிப் பேருக்கு எடுத்தாகிவிட்டது. பல்லைப் பிடுங்குவதுபோல் சொல்கிறாள்.

ஒருவேளை தூரம் நிற்கிற காலமோ என்று நானும் யோசித்தேன். ஆனால் நிற்கிற காலம் என்றால் வராமல் அல்லவா இருக்க வேண்டும்? எனக்கு மாதத்துக்கு இரண்டு தடவை கொட்டுகிறது. ஆகவே அது இல்லை. அது இல்லையென்றால் கட்டியாக இருக்கும். கட்டி என்று எழுதியாகிவிட்டது, இன்றைக்கு இது போதும்.

ஜூன் 20, வியாழன்

திலகா பிரமாதம். மார்க்கெட், பாலம், சந்தைக் கூட்டம் எல்லாவற்றிலும் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிவிட்டாள். ராமலிங்கண்ணனே பாராட்டினார். அவர்தான் எங்கள் ஸ்கூல் முதலாளி, லேசில் யாரையும் பாராட்டாதவர். திலகாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நீங்க பக்கத்துல உக்காந்தாவே வண்டி தன்னால நிக்குதுங்க்கா என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிரேக் கட்டை இவ்வளவு சீக்கிரம் எப்படித் தேய்ந்தது என்று ராமலிங்கண்ணன் புலம்பினார். இப்போது வருவதெல்லாம் மட்டமான சரக்கு என்றேன்.

வலது கெண்டைக்காலில் ஓயாத வலி. தைலம் போட்டுத் தேய்த்துக்கொண்டேன். வயசாகிறது.

ஜூன் 23, ஞாயிறு

இன்றைக்குக் காலையில் வீட்டுக்காரர் மேல் காபி டம்ளரை எறிந்தேன். அவர் செய்த குற்றம், குளிருது, ஃபேனைக் கொஞ்சம் குறை என்று சொன்னது. டம்ளர் சுவரில் பட்டுக் காபி அவர் சட்டையெல்லாம் தெறித்தது. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தி மூன்று வருஷம். ஒரு தடவைகூட நான் அவரை வாடா போடா என்று பேசியதில்லை.

அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, உனக்கு என்னமோ ஆகுது சாந்தா, எனக்குப் பயமா இருக்குது என்றார். அந்த மனுஷன் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு ஒன்றும் இல்லை என்று கத்திவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். இவள் நாளைக்கு என்ன செய்வாள் என்று எனக்கே தெரியவில்லை. சோற்றுக் குண்டாவைத் தூக்கி எறிவாளா, இல்லை ரோட்டில் எதையாவது செய்து தொலைப்பாளா?

ஜூன் 25, செவ்வாய்

வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். கரை தொட்டு ஓடுகிறது. தடுப்புச் சுவர் ஒன்றும் கிடையாது, தார் ரோடு முடிகிற இடத்தில் தண்ணீர். திலகா ஈரோட்டுக்குப் போவதென்றால் இந்த ரோடுதான். அதனால் இன்று அங்கே கூட்டிப்போனேன்.

கொஞ்ச தூரம் போனதும் எனக்கு வந்துவிட்டது. அதே சூடு, அதே அடிப்பு, காது அடைத்துக்கொண்டது. வண்டி தண்ணீரை நோக்கிச் சாய்கிறது என்று சத்தியமாக நினைத்தேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது, வண்டி நடு ரோட்டில் நிற்கிறது. திலகா என்னையே பார்க்கிறாள்.

“ஏனுங்க்கா நிறுத்துனீங்க?”

“நீதான அம்மிணி நிறுத்துனே.”

“நானுங்களா?” என்றாள். அப்புறம், “மன்னிச்சுக்குங்க்கா, தெரியாம காலு பட்டுட்டாட்ட இருக்குது” என்றாள்.

திரும்பி வரும்போது ஹோட்டலில் ஆளுக்கு இரண்டு பணியாரம் சாப்பிட்டோம். காரச் சட்னி நன்றாக இருந்தது. அவள் முகம் வாடியே இருந்தது. காரில் மிதியடி நைந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும்.

ஜூன் 27, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். காலையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் கால் வழியே ரத்தம் கட்டி கட்டியாகப் போகிறது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். ஒளிக்க நேரமில்லை. மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு என்னை ஆட்டோவில் ஏற்றி மெஹருன்னிசா டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். பெண்கள் நோய் பார்க்கிறவர். வழி முழுக்க என் கையை விடவில்லை. முடிந்துவிட்டது என் கதை என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா நிறையக் கேட்டார். தூக்கம், சூடு, படபடப்பு, கோபம், மறதி. நான் வாய் திறக்காததையெல்லாம் அவரே ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பயம் வருமா, காரணமே இல்லாமல் வருமா என்று டாக்டரம்மா கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

“தூரம் நின்னு போறதுக்கு நாலஞ்சு வருசம் முன்னாடியே இது ஆரம்பிச்சுரும்மா. மாசாமாசம் வந்துட்டே இருக்கும்போதே வரும். சில பேருக்கு மாசத்துக்கு ரெண்டு தடவைகூட வரும். உள்ள ஹார்மோன் ஏறி இறங்குது, அதோட ஆட்டந்தான் இந்தச் சூடும் படபடப்பும் பயமும். நீங்க பைத்தியம் இல்லை.”

நான் பைத்தியம் என்ற வார்த்தையை அவரிடம் சொல்லவே இல்லை. என்னைப்போல் எத்தனை பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்களோ.

ஆனால் எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் போட்டுவிட முடியாது என்றும் சொன்னார். ரத்தம் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் எட்டுதான் இருக்கிறது. இவ்வளவு குறைந்தாலும் நெஞ்சு அடிக்கும், தலை சுற்றும். தைராய்டு சரியாக இருக்கிறது. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சுவர் கொஞ்சம் தடித்திருப்பதால் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். பையை எடுத்துவிடலாமா என்று நானே கேட்டேன். கமலாக்கா குரல் எனக்குள்ளேயே இருக்கிறது. முதலில் ரிசல்ட் வரட்டும், அதற்குள் எதற்கு அவசரம் என்றார். ரத்தப்போக்கை நிறுத்த மாத்திரை, இரும்புச் சத்துக்கு மாத்திரை. ரிசல்ட்டையும் பிரஷரையும் பார்த்துவிட்டு ஹார்மோன் மருந்து தேவையா என்று பேசலாமாம். காபியைக் குறைக்க வேண்டும், சாயங்காலம் நடக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். ரத்தம் ஏறுகிற வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது என்றார். சொல்லித் தருகிற வேலையும் அதில் சேர்த்தியா என்று நான் கேட்கவில்லை.

நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும். அதைவிட இன்னொன்று அரிக்கிறது. பயமே உடம்பு கிளப்பிவிடுவது என்றால், எந்தப் பயத்தை நம்புவது, எதைத் தள்ளுவது என்று எப்படித் தெரியும்?

ஜூன் 29, சனி

மத்தியானம் திலகா போன் செய்தாள். குரலில் படபடப்பு. மச்சினன் நாளைக்குக் கிளம்புகிறான், திங்கட்கிழமை ஈரோட்டுக்கு அவள்தான் ஓட்டிப்போக வேண்டும். அதனால் தோட்டத்தில் தங்கள் வீட்டு வண்டியை எடுத்து ஓட்டிப் பார்த்திருக்கிறாள். மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மோதிவிட்டாள். விளக்கு ஒன்று உடைந்ததோடு போயிற்று.

“எங்கூட்டு வண்டியில பிரேக் சரியில்லீங்க்கா” என்றாள். “மெக்கானிக்கு வந்து பாத்துப்போட்டு நல்லாத்தான் இருக்குதுங்கறான். உங்க வண்டின்னா தன்னால நிக்குது. இது நிக்கவே மாட்டீங்குது.”

போனைப் பிடித்தபடி நின்றேன். அவள் அலோ அலோ என்றாள். கெண்டைக்கால் சுளீரென்று இழுத்தது.

எழுதிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்ட் முக்கில் நிறுத்தியது நான். சந்தையில் நிறுத்தியது நான். பாலத்தில், மார்க்கெட்டில், வாய்க்கால் கரையில், எல்லா இடத்திலும் நான். பயம் வரும்போதெல்லாம், வராதபோது அது வந்துவிடுமோ என்றும், என் கால் அந்தப் பிரேக் மேலேயே இருந்தது. அவள் கால் எழும்புவதற்கு முன்பே வண்டி நின்றுவிட்டது. மூன்று வாரமாக அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது வண்டி தானாகவே நிற்கும் என்பதைத்தான். எதிரே எது வந்தாலும் அந்தப் பெண் பிரேக்கில் காலை வைக்காமல் காத்திருப்பாள். பக்கத்து சீட்டில் கிட்னி போன மனுஷன். இந்தப் பக்கம் கரை தொட்டு ஓடுகிற தண்ணீர்.

வடை தின்ற பையனுக்குப் பயந்தேன், அப்பாவின் சாவுக்குப் பயந்தேன், கட்டிக்குப் பயந்தேன். என் காலுக்குப் பயப்படத் தோன்றவில்லை.

வண்டியைத் தொடாதே, நாளைக்கு நான் நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். வாசலில் கட்டிலைப் போட்டு ஈஸ்வரமூர்த்தி படுத்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கோபி டீச்சரம்மா வந்திருக்காங்க என்று எழுந்து உட்காரப் பார்த்தார். திலகா எனக்கு மோர் கொண்டுவந்தாள். குடிக்க முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். எனக்கு உடம்பு சரியில்லாததையும் சொன்னேன், அதைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்கவில்லை. அன்று வாய்க்கால் ரோட்டில் நிறுத்தியது நான்தான், உன் மேல் பழியைப் போட்டேன் என்றும் சொன்னேன்.

திலகா கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“அப்ப நான் ஒரு நாளுமே ஓட்டலீங்களாக்கா?”

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. ஈஸ்வரமூர்த்திதான் பேசினார். என் வீட்டுக்காரரை ஒரு தடவை பார்த்துவிட்டு, நாளைக்கு யாராச்சும் ஓட்டறதுக்குக் கிடைப்பாங்களா டீச்சரம்மா என்றார்.

அங்கிருந்தே ராமலிங்கண்ணனுக்குப் போன் செய்தேன். அவரிடமும் மறைக்காமல் சொன்னேன். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நாளைக்கு அவர்களுக்கு ஒரு டிரைவரை அனுப்புவதாகச் சொன்னார். என்னிடம் கற்றுக்கொண்டிருக்கும் எல்லோரையும் அவரே ஒரு தடவை உட்கார்ந்து சோதிப்பாராம். பேங்க் அம்மாவையும் சேர்த்து. நான் காரில் ஏறக் கூடாது, போர்டில் சிக்னல் பாடம் மட்டும் எடுக்கலாம் என்றார்.

ஜூலை 2, செவ்வாய்

கை காட்டினால் என்ன அர்த்தம், முக்கோணத்துக்குள் மாடு போட்டிருந்தால் என்ன அர்த்தம். போர்டில் நன்றாகத்தான் மாடு வரைகிறேன். ராமலிங்கண்ணன் பேங்க் அம்மாவோடு போய்விட்டு வந்தார். ராமலிங்கண்ணனுக்கு முட்டியில் காயம், பேங்க் அம்மாவும் வண்டி தானாக நிற்கும் என்று காத்திருந்திருக்கிறார்.

ஜூலை 4, வியாழன்

ரிசல்ட் வந்துவிட்டது. கெட்டது ஒன்றும் இல்லை. டாக்டரம்மா சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். பையை எடுக்க வேண்டியதில்லை, மாத்திரையைத் தொடர்ந்து, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். கமலாக்காவுக்குப் போன் செய்தேன். அவள், எனக்கு அப்ப இதெல்லாம் ஒருத்தரும் பாக்கவேயில்லையே சாந்தா என்றாள். அப்புறம் இருவரும் பாகற்காய் விலையைப் பற்றிப் பேசினோம்.

சூடு போகவில்லை. இன்று கோயிலில் வரிசையில் நிற்கும்போது வந்தது. வரட்டும் என்று நின்றேன். என்றாலும் பயமாகத்தான் இருந்தது.

ஜூலை 5, வெள்ளி

திலகா போன் செய்தாள். நான் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் அவளே மறுபடியும் கூப்பிட்டாள்.

வேறு யாரிடமும் போக மாட்டேன், நீங்கள்தான் வந்து சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றாள். பாசத்தில் சொல்லவில்லை. நீங்க கெடுத்ததை நீங்கதான் சரி பண்ணோணும் என்று கறாராகச் சொன்னாள். ஸ்கூல் வண்டி வேண்டாமாம், அவள் வீட்டு வண்டியே போதுமாம். அதில் என் பக்கம் பிரேக்கோ கிளட்சோ இல்லை, ரப்பர் மிதியடிதான் இருக்கிறது.

ராமலிங்கண்ணனிடம் கேட்டேன். தோட்டத்துக்குள் மட்டும் என்றால் போய்வா என்றார். வீட்டுக்காரரும் கூட வருவேன் என்று நிற்கிறார்.

ஜூலை 9, செவ்வாய்

அறுவடை முடிந்த காட்டில் ஓட்டுகிறோம். என் வீட்டுக்காரர் தூரத்தில் நின்று துண்டை வீசினால் திலகா நிறுத்த வேண்டும். எப்போது வீசுவார் என்று அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. மண்டியில் எடை போடுகிற மனுஷனுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. முதலில் ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தாள். அந்தப் பார்வை என்னை என்னவோ செய்தது.

என் காலை அடக்குவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். சீட் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இப்படியொரு வாத்தியாரை நான் பார்த்ததே இல்லை என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். திலகாவும் சிரித்துவிட்டாள். அன்று எனக்கு மோர் கொண்டுவந்த பிறகு அவள் சிரித்தது இன்றுதான்.

ஜூலை 12, வெள்ளி

பிரேக் போடும்போது என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஜூலை 15, திங்கள்

ராமலிங்கண்ணன் நேற்று வந்து தோட்டத்திலும் ரோட்டிலும் திலகாவைச் சோதித்தார். நன்றாக ஓட்டுகிறாள், ஆனாலும் முதல் தடவை ஈரோட்டுக்குப் போகும்போது பக்கத்தில் ஆள் வேண்டும் என்றார். திலகா என்னைக் காட்டினாள். எனக்கு ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டவில்லை. ஓட்டத்தானே கூடாது, உட்காரலாம் அல்லவா என்று அவளே நியாயம் பேசினாள்.

காலையில் கிளம்பினோம். பின் சீட்டில் ஈஸ்வரமூர்த்தி தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். திலகா கழுத்தை நிமிர்த்தி ஓட்டினாள். முன் சீட்டில் சம்மணம் போட்டால் பெல்ட் சரியாக உட்காரவில்லை, அதனால் காலைத் தொங்கவிட்டேன். வாய்க்கால் ரோடு வந்தது. தண்ணீர் அப்படியே ததும்புகிறது. இங்கேதான் வரும் என்று நினைத்தேன், வந்தது. நெஞ்சு அடிக்கிறது, சூடு ஏறுகிறது, காது அடைக்கிறது. இது உடம்பு கிளப்புகிறது, இது ஹார்மோன், இது அடங்கிவிடும் என்று டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தபடி மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து, தென்னந்தோப்பு வளைவில் தேங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்பக்கமாக ரோட்டுக்கு வந்தது. ஓட்டியவன் திரும்பியே பார்க்கவில்லை. இந்தப் பயம் ஹார்மோன் இல்லை, நிஜ டிராக்டர். என் வலது கால் பலம் கொண்ட மட்டும் அழுத்தியது. கீழே ரப்பர் மிதியடிதான் இருந்தது. மிதியடி மடங்கிக்கொண்டு போனது, வண்டி போய்க்கொண்டே இருந்தது. டிரெய்லரின் பின் கதவில் தொங்கிய சிவப்புத் துணி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

வண்டி நின்றது. சிவப்புத் துணிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நடந்து போகலாம், அவ்வளவு இடம் இருந்தது. டிராக்டர்காரன் அப்போதுதான் திரும்பிப் பார்த்து, கையைத் தூக்கிவிட்டு, மெதுவாகத் தோப்புக்குள் ஏற்றினான்.

திலகாவின் கால் பிரேக்கிலேயே இருந்தது. பின்னால் ஈஸ்வரமூர்த்தி கண் விழித்து, வந்தாச்சா என்று கேட்டார். இன்னும் இல்லீங்க, தூங்குங்க என்றாள். என் பக்கம் திரும்பினாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது, வேர்வை கன்னத்தில் வழிவது மட்டும் எனக்குத் தெரிந்தது.

“பயந்துட்டீங்களாக்கா?”

பத்து வருஷத்தில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். சாந்தாமணிக்குப் பயமா என்று சிரித்து எல்லோரிடமும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன்.

“ஆமா அம்மிணி. ரொம்பப் பயமா இருக்குது. நீ ஓட்டு.”

அவள் கண்ணாடியைப் பார்த்தாள், முதல் கியரைப் போட்டாள்.